கிமோனோ: மெய்ப்பையா, கட்டங்கியா?

வணக்கம்.

ஜப்பானியரின் மரபுடையான கிமோனோவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் உரையாடலில் ஐயா முன்வைத்த 'மெய்ப்பை' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனாலும் கிமோனோவுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். காரணம் ஒரு வினைச்சொல்தான். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் யவனரைப் பற்றி 'மெய்ப்பை புக்க' என்று வருகிறது. பைக்குள் புகுவதுபோல உடம்பை நுழைத்துக்கொள்ளும் தைத்த சட்டை அது. கிமோனோவுக்குள் யாரும் புகுவதில்லை. கைகளை மட்டும் நுழைத்து, திறந்திருக்கும் முன்பக்க ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, இடுப்பில் கட்டுகிறார்கள். இடப்பக்கம் மேலே வரவேண்டும். 719-இல் அதற்கு அரசாணையே போட்டார்கள். வலப்பக்கத்தை மேலே விடுவது இறந்தவருக்கு உடுத்தும்போது மட்டும்தான்.

நாம் சட்டை போடுகிறோம், வேட்டி கட்டுகிறோம். மாற்றிச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடத் திருத்தும். ஜப்பானியரும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்: தோளிலிருந்து அணிவதற்குக் 'கிரு', இடுப்புக்குக் கீழே அணிவதற்கு 'ஹகு', தலைக்குக் 'கபுரு'. அந்தக் 'கிரு'வோடு பொருள் எனும் 'மோனோ' சேர்ந்து கிமோனோ ஆயிற்று. உடுக்கும் பொருள், அவ்வளவே. 'உடு' என்பதிலிருந்து நமக்கு உடையும் உடுப்பும் வந்ததுபோல. ஆக, நேராகப் பெயர்த்தால் 'உடுப்பு' என்றுதான் நிற்கும். அதைக் கேட்டு யார் மனத்திலும் அந்த ஆடை தோன்றாது. ஜப்பானிலேயே 'கொசோதே' (சிறுகை) போன்ற வகைப்பெயர்கள்தான் முன்பு பெரிதும் வழங்கின. மெய்ஜி காலத்தில் (1868-1912) மேலைநாட்டு உடை பரவி, தம்முடையதைப் பிரித்துக்காட்ட வேண்டி வந்தபோதுதான் 'கிமோனோ' அந்த ஆடைக்கே உரிய பெயராக நிலைத்தது.

எனவே அந்தப் பெயரில் கைவைக்க வேண்டாம். நமக்குச் சொல் இல்லாதது இப்படி மடித்துக் கட்டும் ஆடை வகைக்குத்தான். பூட்டானின் கோ, மங்கோலியாவின் தேல், சீனாவின் ஹான்ஃபூ எல்லாம் முன்புறம் மடித்து இடுப்பில் கட்டுபவை. வெறும் 'அங்கி' என்றால் பாதிரியாரும் பட்டமளிப்பு விழாவும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அதனால் என் பரிந்துரை 'கட்டங்கி': கட்டு + அங்கி. கட்டம் போட்ட அங்கி என்று குழப்பம் வருமே என்று கேட்கலாம். கட்டம் + அங்கி புணர்ந்தால் 'கட்டவங்கி' என்றாகும், ஆகவே இலக்கணப்படி சிக்கல் இல்லை.

இந்தச் சொல் கிளைக்கவும் செய்யும். மணமாகாத பெண்கள் உடுத்தும் 'ஃபுரிசோதே'யின் கை நீண்டு தொங்கி ஆடும். பெயரின் பொருளும் வீசும் கை என்பதே. அதை 'வீசுகைக் கட்டங்கி' எனலாம்.

இடுப்பில் சுற்றும் 'ஒபி'க்கு வார் என்றும் பட்டை என்றும் இருவர் எழுதியிருந்தீர்கள். வார் என்றதும் தோல்தான் நினைவுக்கு வருகிறது. ஒபியோ ஏறத்தாழ 4 மீட்டர் நீளத் துணி. 'கச்சை' என்று நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது, கட்டுதல் என்ற வினையும் அதனோடு இயல்பாகச் சேர்கிறது. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.