சகரியா 5: மரக்காலுக்குள் உட்கார்ந்திருப்பவள் யார்?

(மூன்று பேரின் விவாதம். அவர்களின் புனைபெயர்கள்: 'ஏழாம் தரிசனம்', 'கள்ளத்தராசு', 'அலெஃப்'.)

ஏழாம் தரிசனம்:
சகரியா 5:5-11. பாரசீக ராஜா தரியுவின் இரண்டாம் ஆண்டு, சேபாத் மாதம் 24. நம் கணக்கில் கி.மு. 519 பிப்ரவரி. எருசலேம் ஆலயம் பாதி கட்டிய நிலையில் நிற்கிறது. தீர்க்கன் (தீர்க்கதரிசி சகரியா) காண்பது இது: ஓர் எப்பா (தமிழ் வேதாகமத்தில் மரக்கால்) புறப்பட்டு வருகிறது. அதன் ஈய மூடி தூக்கப்படுகிறது. உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். தூதன் "இவள்தான் ரிஷ்ஆ" (அக்கிரமம்) என்று சொல்லி அவளை உள்ளே தள்ளி, ஈயத்தை எப்பாவின் வாயில் போட்டு அடைக்கிறான். நாரைச் சிறகுள்ள இரண்டு பெண்கள் வந்து அதைச் சிநெயாருக்கு, அதாவது பாபிலோனுக்குத் தூக்கிப் போகிறார்கள். அங்கே அதற்கு ஒரு 'பாயித்' கட்டி, 'மெகோனா' மேல் வைப்பார்களாம்.

பாயித் என்றால் வீடு. கோயிலுக்கும் அதே சொல்தான். மெகோனா என்றால் பீடம். கோயில் கட்டிப் பீடத்தில் ஏற்றுவது யாரை? என் கட்சி: அவள் விக்கிரகம், ஒரு பெண் தெய்வம். யூதேயா அவளைப் பார்சல் கட்டிப் பிறந்த ஊருக்கே அனுப்புகிறது.

கள்ளத்தராசு:
பிரதர், பாத்திரத்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் பார்க்கிறீர்கள். எப்பா தானியம் அளக்கும் சாமான். ஆமோஸ் 8:5இல் வியாபாரி எப்பாவைச் சிறிதாக்கிச் சேக்கல் என்ற எடைக்கல்லைப் பெரிதாக்குகிறான். மீகா 6:10இல் குறைந்த எப்பா சபிக்கப்படுகிறது. லேவியராகமம் 19:36 'சுமுத்திரையான மரக்கால்' கேட்கிறது. தீர்க்கன் வாயில் எப்பா வந்தால் கேட்பவன் காதில் விழுவது அளவு மோசடி. விக்கிரகத்தை அனுப்ப வேண்டுமென்றால் பெட்டி கிடைக்கவில்லையா?

இதற்கு முந்தைய தரிசனத்தையும் பாருங்கள். பறக்கும் சுருள் யாரைச் சபிக்கிறது? திருடனையும் பொய்யாணை இடுகிறவனையும். கடைத்தெருக் குற்றங்கள். பெண்ணாக வருவதற்குக் காரணம் இலக்கணம்: ரிஷ்ஆ பெண்பால் சொல். அவ்வளவுதான்.

ஏழாம் தரிசனம்:
அந்தச் சுருளின் அளவு 20 முழம், 10 முழம். 1 இராஜாக்கள் 6:3இல் சாலொமோன் ஆலய முகமண்டபத்தின் அளவும் அதே 20, 10. கடைத்தெரு என்று அவ்வளவு சுலபமாக முடிக்காதீர்கள்.

அடுத்து, எப்பா சுமார் 22 லிட்டர். கனசதுரமாக நினைத்தால் பக்கத்துக்கு 28 செ.மீ. அதில் மனுஷி உட்கார முடியாது, சிலை முடியும். கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு யூதாவின் களிமண் பெண் உருவங்கள் எருசலேமிலேயே நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. உயரம் ஒரு சாணுக்கும் குறைவு.

அலெஃப்:
இரண்டு பேருக்கும் ஒரு குறுக்கீடு. அந்தக் களிமண் உருவங்களின் கீழ்ப்பாதி தூண் போல இருக்கும். அவை நிற்பவை. இங்கே வசனம் 'உட்கார்ந்திருக்கிறாள்' என்கிறது. ஆக, அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

மூடியையும் கணக்குப் போடலாம். மூலத்தில் 'கிக்கார்' ஈயம். கிக்கார் என்றால் வட்டம், தாலந்து எடையும் அதுவே. தாலந்துக்கு 3000 சேக்கல் (யாத்திராகமம் 38:25-26இல் தலைவரியைக் கூட்டிப் பார்த்தால் இந்த எண் வரும்). சேக்கல் 11.3 கிராம் என்றால் சுமார் 34 கிலோ. 30 செ.மீ. விட்டமுள்ள தகடாக வார்த்தால் கனம் நாலு செ.மீ.க்குச் சற்று மேல். எந்த வியாபாரியும் தன் அளவைக்கு அப்படி மூடி போடமாட்டான். அளவைக்கு மூடியே தேவையில்லை. ஆகவே எப்பா இங்கே அளக்க வரவில்லை, சிறையாக வருகிறது. அதனால் மோசடி வாசிப்பு பலவீனமாகிறது, ஆனால் விக்கிரக வாசிப்பு தானாக ஜெயித்துவிடவில்லை.

ஏனென்றால் தீர்க்கர்கள் விக்கிரக ஆராதனைக்குப் பெண்ணை உருவகமாக்கும்போது அவள் ஒருபோதும் விக்கிரகம் அல்ல. ஓசியாவின் மனைவி கோமேர், எரேமியா 3இன் இரண்டு சகோதரிகள், எசேக்கியேல் 23இன் அகோலாள், அகோலிபாள், எல்லாரும் ஜனமோ நகரமோதான். சமாரியா அகோலாள் ('அவள் கூடாரம்'), எருசலேம் அகோலிபாள் ('என் கூடாரம் அவளுக்குள்'). விக்கிரகத்தின் இடத்தில் நிற்பவன் கள்ளக்காதலன், ஆண். ஓசியா 2:16இல் 'பாகால்' என்ற சொல்லே கணவன் என்று அர்த்தப்படுகிறது. எசேக்கியேல் 23இல் காதலர் பட்டியலில் முன்னால் நிற்பது தெய்வங்கள்கூட இல்லை, அசீரிய, பாபிலோன் அதிகாரிகள். மரக்கால் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை, காதலன் இல்லை, பிள்ளைகள் இல்லை, 'திரும்பி வா' என்ற அழைப்பும் இல்லை. சரக்கு மாதிரி அனுப்பப்படுகிறாள். அந்த வரிசையில் இவளைச் சேர்க்கவே முடியாது.

கள்ளத்தராசு:
மூடிக் கணக்கு நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிறைக்கு ஏன் எப்பாவைத் தேர்ந்தெடுத்தான் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஏழாம் தரிசனம்:
அலெஃப் சிஸ்டர், அந்த வரிசையில் சேராததுதான் என் வாதமே. இவள் மனைவி அல்ல, தெய்வம். எபிரேயத்தில் 'ஹாரிஷ்ஆ'வையும் 'ஹாஅஷேரா'வையும் (அஷேரா என்ற பெண் தெய்வம்) எழுதிப் பாருங்கள். ஐந்து எழுத்தில் நாலு பொது, இடம்தான் மாறுகிறது. வேண்டுமென்றே செய்த சிலேடை. பெயரைச் சொல்லாமல் அசிங்கப்படுத்துகிறான்.

அலெஃப்:
அந்த நாலு எழுத்தில் முதல் 'ஹே' சுட்டிடைச்சொல், கடைசி 'ஹே' பெண்பால் விகுதி. எந்தப் பெண்பால் பெயரை எடுத்தாலும் இரண்டும் ஒத்துப்போகும். உண்மையான ஒற்றுமை ஷீன், ரேஷ் இரண்டு மட்டும். மிச்சமுள்ள எழுத்து ஒன்றில் அயின், மற்றதில் அலெஃப். காலமும் இடிக்கிறது. யூதாவின் ராஜா மனாசே ஆலயத்தில் வைத்த அஷேராவை, பின்னால் வந்த ராஜா யோசியா கி.மு. 622 வாக்கில் கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்தாயிற்று. 100 ஆண்டு கழித்து யாரை நாடு கடத்துவது?

ஆனால் உங்களுக்கு உதவும் ஒன்றை நானே தருகிறேன். தல்மூத் (யூத ரபீக்களின் பழைய நூல்), யோமா 69b: ஜனங்கள் மூன்று நாள் உபவாசம் இருக்க, மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து நெருப்புச் சிங்கக்குட்டி ஒன்று வெளியே வருகிறது. விக்கிரக ஆசை அதுதான் என்பதற்கு அவர்கள் எடுக்கும் வசனம் இதே 'இவள்தான் ரிஷ்ஆ'. ஈயப் பானைக்குள் போட்டு ஈயத்தால் மூடுகிறார்கள், ஈயம் சத்தத்தை விழுங்கும் என்று காரணமும் சொல்கிறார்கள். கவனியுங்கள், தெய்வமோ சிலையோ அல்ல, ஆசை. அதே தல்மூத் சன்ஹெட்ரின் 24aஇல் இரண்டு சிறகுப் பெண்களை மாய்மாலம், அகந்தை என்று படிக்கிறது.

கள்ளத்தராசு:
6ஆம் வசனத்தை மறந்துவிட்டீர்கள். எபிரேயத்தில் 'அவர்கள் கண்' (ஏனாம்). தமிழ் பழைய மொழிபெயர்ப்பில் 'கண்ணோக்கம்' என்று அது தப்பித்துவிட்டது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் 'அவர்கள் அநீதி', அதாவது 'அவோனாம்'. யோத் கொஞ்சம் நீண்டால் வாவ், ஓர் எழுத்துதான் வித்தியாசம். அநீதி என்று படித்தால் என் கட்சி.

அலெஃப்:
அநீதி என்று படித்தால் எந்தப் பாவமும் அதில் அடங்கும். கள்ள அளவும் அடங்கும், சிலையும் அடங்கும்.

ஏழாம் தரிசனம்:
பீடத்தை மட்டும் இருவரும் தொடவே இல்லை. 1 இராஜாக்கள் 7இல் மெகோனா, ஆலயத் தொட்டிகளைத் தாங்கும் பத்து வெண்கல ஆதாரம். எஸ்றா 3:3இல் பலிபீடம் நிற்கும் இடம். கடைச் சாமானுக்கு அந்தச் சொல் எதற்கு?

அலெஃப்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்த ஒரு சொல் உங்கள் பக்கம். சிநெயாரில் அவள் தெய்வமாக உட்காருவாள் என்பது சரி. எருசலேமில் அவள் தெய்வமாக இருந்தாள் என்பது அதிலிருந்து வராது.

நாரைக்கும் ஒரு வார்த்தை. அது நம்மூர் செங்கால் நாரைதான், எபிரேயத்தில் ஹசீதா. லேவியராகமம் 11:19படி தீட்டுப் பறவை. ஆசாரியன் தொடக்கூடாத சரக்கைத் தீட்டுப் பறவைச் சிறகு சுமக்கிறது. எரேமியா 8:7 சொல்வதுபோல அதற்குத் தன் காலம் தெரியும். பிப்ரவரியில்தான் நாரைக் கூட்டங்கள் அந்தத் தேசத்தின் மேலே வடக்கே போகத் தொடங்குகின்றன, சிறகு அடிக்காமல், காற்றில் மிதந்து. 9ஆம் வசனம் 'அவர்கள் சிறகுகளில் காற்று இருந்தது' என்கிறது. தேதி சேபாத் 24.