வான்கோழி மாதிரி கூவுற மவுத் கால் (call) ஒட்டிக்கிச்சு, சனிக்கிழமை வேட்டை! யாராவது சொல்லுங்க

நெல்லைத்தம்பி: வணக்கம் மக்களே. அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. டீம் லீட் டர்க்கி, அதான் வான்கோழி, வேட்டைக்குக் கூப்பிட்டிருக்காரு. வான்கோழி மாதிரி கூவ மேல்வாயில வச்சு ஊதுற டயாப்ரம் கால் (மவுத் கால்னும் சொல்றாங்க) ரெண்டு புதுசா வாங்கிக் கொடுத்து பழகச் சொன்னாரு. ஊதிட்டு டப்பாவுல மூடி கார்லயே வச்சிருந்தேன். இப்ப திறந்தா நாத்தம். ரப்பர் எல்லாம் ஒட்டிக்கிட்டு சத்தமே வரல. டிஷ் சோப் போட்டு வெந்நீர்ல அலசலாமா?

மினசோட்டா மாமா: வேட்டை கிடக்கட்டும் தம்பி. விண்டர் ஜாக்கெட் வாங்கியாச்சா? நான் வந்தது ஜனவரி. பஸ் ஸ்டாப்ல காது மரத்துப்போச்சு. கிரெடிட் ஹிஸ்டரி இல்லைன்னு ஒருத்தரும் வீடு தரல. முதல்ல டெபாசிட் கட்டி வாங்குற செக்யூர்டு கிரெடிட் கார்டு ஒண்ணு எடு.

நெல்லைத்தம்பி: மாமா, ஏப்ரல் முடியப்போகுது.

விசா வேதனை: ஹெச்1பி தானே? துப்பாக்கியைத் தொட்டா ஃபெடரல் குற்றம். வேலையோட போயிடும்.

டல்லாஸ் அக்கா: பாதிதான் சரி. ஹெச்1பி மாதிரி தற்காலிகமா வர்ற நான்-இமிக்ரன்ட் விசாவுக்குத் தடை உண்டு. ஆனா செல்லுபடியாகிற வேட்டை லைசன்ஸ் இருந்தா விலக்கும் அதே சட்டத்துலயே இருக்கு. தம்பி, எந்த மாநிலம்னே சொல்லலையே? அந்தக் கால்ல எத்தனை ரீட் (மெல்லிசு ரப்பர் தாள்)? லேட்டக்ஸ் அலர்ஜி ஏதும் இருக்கா?

நெல்லைத்தம்பி: பென்சில்வேனியாக்கா. ஹன்டர் கோர்ஸ் முடிச்சு லைசன்ஸ் எடுத்தாச்சு. மூணு ரீட். அலர்ஜி இல்ல. மேல் ரீட் ரெண்டு ஓரத்துலயும் கிழிஞ்ச மாதிரி வேற இருக்கு.

ஓஹையோ ஓணான்: மவுத்வாஷ்ல ராத்திரி பூரா ஊறப்போடு. அப்புறம் ஃப்ரீசர்.

கரூர் டு கென்டக்கி: ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்ல ஊறினா ரப்பர் காஞ்சு வெடிச்சிடும். ஃப்ரீசர் எதுக்கு? ஃப்ரிட்ஜே போதும்.

ஓஹையோ ஓணான்: நான் அப்படித்தான் வைக்கிறேன், நல்லாத்தான் கூவுது.

மினசோட்டா மாமா: மவுத்வாஷ் விக்கிற விலைக்கு இதுக்கு வேற ஊத்தணுமா?

விசா வேதனை: இட்லி அரிசி விலையைப் பாத்தீங்களா? வீட்டு வாடகையும் ஏத்திட்டாங்க. ஊர்லயே இருந்திருக்கலாம்.

குலசேகரம் ரப்பர்: அரிசியை அப்புறம் பாப்போம், தம்பிக்கு சனிக்கிழமை வருது. எங்க வீட்டுல ரப்பர் தோட்டம். லேட்டக்ஸுக்கு ஆகாதது சூடு, வெயில், எண்ணெய். அதனால வெந்நீர் வேண்டாம். சோப்பும் வேண்டாம், அந்த ருசி வாயில நிக்கும். காய்ஞ்ச ரீடைப் பிச்சு இழுக்காதே, கிழிஞ்சிடும். பச்சைத்தண்ணில ஊறவிடு, தானா இளகும். இளகினதும் தட்டையான பல்குச்சியை ஓரத்துலேர்ந்து மெதுவா ரீடுகளுக்கு நடுவுல நுழை. நாத்தத்துக்கு ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷைத் தண்ணி கலந்து ஒரு முக்கு முக்கி, நல்லா அலசு. குச்சியை எடுக்காம பேப்பர் டவல் மேல நிழல்ல காயவை. முழுசா காயாம டப்பாவை மூடினதுதான் நாத்தத்துக்குக் காரணம். கறுப்பா பூஞ்சை படிஞ்சிருந்தா, இல்ல ரப்பர் பிசுபிசுன்னு ஆயிருந்தா குப்பையில போடு. வாய்க்குள்ள போற சாமான், பத்து டாலருக்குப் பாக்காதே.

டல்லாஸ் அக்கா: அந்தக் கிழிசல் கம்பெனியே போட்ட வெட்டா இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு பாரு. பெட்டை வான்கோழி குரல்ல அந்தக் கரகரப்பு வர்றதுக்குத்தான் வெட்டுறாங்க. ஒட்டுப்போட்டுத் தொலைக்காதே.

நெல்லைத்தம்பி: ஆமாக்கா, ஒரே அளவுதான்! ஊறப்போட்டேன், ஒண்ணு இளகிடுச்சு. இன்னொண்ணுல கறுப்புப் புள்ளி.

குலசேகரம் ரப்பர்: அதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னைக்கே ஒண்ணு வாங்கு. ஊதறதுக்கு முன்னாடி இனிப்புக் காப்பி குடிக்காதே, சர்க்கரை ரீட்ல ஒட்டும். சீசன் முடிஞ்சதும் குச்சியோட, ஓட்டை வச்ச டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல இருட்டா ஒரு மூலையில வை. அடுத்த வருஷம் குச்சியை எடுத்துட்டு நனைச்சு ஊது. கார்ல மட்டும் வைக்காதே.

கரூர் டு கென்டக்கி: சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் போடாதே, உள்பனியன், சாக்ஸ்கூட. ஆண் வான்கோழி தலையில இருக்கிற நிறம் அது மூணும். புதருக்குள்ள அந்த நிறம் தெரிஞ்சா எதிர்ல இருக்கிறவன் உன்னையே குறி பாத்துடுவான்.