ஏற்காட்டு வீட்டில் சுவர் அலமாரி: கதவு இறுகிவிட்டது, தட்டு தொய்கிறது

ஏற்காட்டு வாசகி:
எங்கள் பழைய வீட்டு முன்னறையில் முன்பு கணப்பு இருந்த இடம் 4 அடி அகல மாடமாகச் சும்மா கிடந்தது. அதில் புத்தக அலமாரி அமைத்தோம். சேலத்தில் ஒரு பட்டறையில் ஏப்ரலில் செய்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்றி வந்து பொருத்தியது. தேக்குக் கதவு, 18 மி.மீ. பிளைவுட் தட்டு. மே மாதம் வரை வந்தவர்கள் எல்லாரும் கண்வைத்தார்கள். இப்போது ஐப்பசி. வலப்பக்கக் கதவை இழுத்தால் அலமாரியே கூட வந்துவிடும் போலிருக்கிறது. நடுத்தட்டு தொய்ந்துவிட்டது. கீழ்த்தட்டுப் புத்தகங்களின் பின்பக்கம் பூஞ்சணம். என்ன செய்யலாம்?

அஸ்தம்பட்டிக்காரன்:
கதவின் அடியில் கால் அங்குலம் அறுத்துவிடுங்கள். எங்கள் குளியலறைக் கதவுக்கு அப்படித்தான் செய்தோம்.

அம்மாபேட்டை ஆசாரி:
அறுத்துவிடாதீர்கள் அம்மா. மரம் நீளவாக்கில் ஊதாது, அகலவாக்கில்தான் ஊதும். அடியில் அறுத்தால் இடுக்குதான் மிஞ்சும், இறுக்கம் போகாது. கதவு பலகைகளை ஒட்டியதா, சட்டம் கட்டியதா? அதன் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏற்காட்டு வாசகி:
மூன்று பலகைகளை ஒட்டிய கதவு. மேல்விளிம்பு சொரசொரப்பாக இருக்கிறது ஐயா.

அம்மாபேட்டை ஆசாரி:
நினைத்தேன். கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது பலகையின் முனை வழியாகத்தான். சேலத்து வெயிலில் காய்ந்த தேக்கு உங்கள் பனியில் விம்மாமல் என்ன செய்யும்? மலை வீட்டு வேலைக்குப் பலகையை இரண்டு மூன்று வாரம் அதே அறையில் அடுக்கிவைத்த பிறகுதான் நான் உளியை எடுப்பேன். பட்டறைக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை போலும்.

இப்போது அதிகம் இழைக்க வேண்டாம். பங்குனியில் கதவு சுருங்கி விரல் நுழையும் இடைவெளி விடும். உரசுகிற பக்கத்தில் இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினால் போதும். மழை விட்டதும் கதவைக் கழற்றி நன்கு உலரவைத்து, ஆறு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள்.

தட்டுக்கு நடுவில் ஒரு தடுப்பு நிறுத்துங்கள். தாங்கும் தூரம் பாதியானால் தொய்வு 16இல் ஒரு பங்காகிவிடும். 4 அடி நிறையப் புத்தகம் என்றால் 40 கிலோவைத் தொடும், 18 மி.மீ. பிளைவுட் பாவம். தொய்ந்த தட்டைக் குப்புறத் திருப்பிப் போட்டு, முன்விளிம்பில் ஒன்றரை அங்குலத் தேக்குச் சட்டத்தைப் பசையும் திருகும் வைத்துப் பூட்டுங்கள். பூஞ்சணம் என் வேலை இல்லை. அது சுவரின் வேலை.

கட்டடக்காரன்:
சுவரா காற்றா என்று முதலில் பார்ப்போம். பின்சுவரில் ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் ஓதம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்தால் காற்றிலுள்ள ஈரம்.

ஏற்காட்டு வாசகி:
மூன்றாம் நாள் பார்த்தேன். உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கட்டடக்காரன்:
அப்படியானால் வெளியே போய் அந்தச் சுவரின் மேலே பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் உள்ளே எதை அடித்தாலும் வீண். சுவர் காய்ந்த பிறகு அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் விட்டு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம் அடியுங்கள். மேலேயும் அடிப்பீடத்திலும் காற்று போய்வர ஓட்டை விடுங்கள். புத்தகங்களை வெயிலில் போடாதீர்கள். நிழலில் விசிறிக் காற்றில் காயவிட்டு, வெளியே வைத்துத் தூரிகையால் தட்டுங்கள்.

ஏற்காட்டு வாசகி:
ஏணி வைத்துப் பார்த்தோம். கூரைத் தகரக் கால்வாய் முழுக்கச் சில்வர் ஓக் இலை, அதன் மேல் ஒரு பெரணிச் செடி வேறு. வழிந்த தண்ணீர் எல்லாம் நேராக அந்தச் சுவரில்தான். இரண்டு கூடை அள்ளியாயிற்று. வலப்பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டோம். அலமாரி ஒற்றைக் கண்ணோடு நிற்கிறது. ஆசாரி ஐயா, தை மாதம் மலைக்கு வர முடியுமா?

அம்மாபேட்டை ஆசாரி:
மாசியில் வருகிறேன் அம்மா. தையிலும் உங்கள் ஊரில் பனி விடாது.