புதுப்பிப்பு: 1958 மொரிஸ் மைனர் கார், பின் அச்சு, இரைச்சல் போயிட்டுது

போன மாசம் கேட்டது இதுதான்: 948 சிசி மைனரிலை பின் அச்சு ஊளையிடுது, முழு அச்சையும் மாத்திறதோ? ஆளாளுக்கு வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலிச்சது கொடிகாமத்து அண்ணையின்ரை யோசனை. அச்சுக் கூட்டைத் தொடாமல், 1098 சிசி மைனரின்ரை டிஃபரன்ஷியலை (எஞ்சின் சுத்தைப் பின் சில்லுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற பல்சக்கரத் தொகுதி) மட்டும் தூக்கிப் போட்டன். கழட்ட முதல் பல் விகிதம் பாக்க, பழைய சாமான் கடையிலை துருப்பிடிச்சுக் கிடந்த அந்த 1098 காரின்ரை ஒரு பின் சில்லை மட்டும் ஜாக்கிலை தூக்கி ரெண்டு சுத்துச் சுத்தினன். புரொப்பலர் சாஃப்ட் (கியர்பொக்ஸிலையிருந்து பின் அச்சுக்குப் போற தண்டு) நாலேகால் சுத்துக்குக் கொஞ்சம் குறைய நிண்டுது. ஒரு சில்லு மட்டும் ரெண்டு சுத்துச் சுத்தினால், ரெண்டு சில்லும் ஒருக்காச் சுத்தினதுக்குச் சமன். அப்ப விகிதம் 4.22தான். கழட்டினாப் பிறகு பல்லையும் எண்ணினன்: பெரிய பல்சக்கரத்திலை 38, சின்னதிலை 9. என்ரை பழசு 41க்கு 9, அதாவது 4.55.

ஹப் நட்டிலை (சில்லின்ரை நடுவிலை இருக்கிற பெரிய நட்) கை வைக்கத் தேவையில்லை. பிரேக் டிரம்மைக் கழட்டி, ஹாஃப் சாஃப்டுகளை (டிஃபரன்ஷியலிலையிருந்து சில்லுக்குப் போற தண்டுகள்) வெளியிலை இழுத்தால் போதும். பழைய சாஃப்டுகளே சரியாப் பூந்துது.

எதிர்பாராதது ரெண்டு. ஹாஃப் சாஃப்ட் கேஸ்கெட்டை (எண்ணெய் கசியாமல் இடையிலை வைக்கிற தாள்) பழசையே போட்டன், கஞ்சத்தனம்தான். மூண்டாம் நாள் எண்ணெய் கசிஞ்சு பிரேக் சூ நனைஞ்சு போச்சு. சூவும் புதுசு வாங்க வேண்டி வந்தது. மற்றது, விகிதம் மாறினதாலை ஸ்பீடோமீற்றர் இப்ப குறைச்சுக் காட்டுது: 60 மைல் எண்டால் உண்மையிலை 65 கிட்ட. ஏத்தத்திலை இழுவை கொஞ்சம் குறைவு, ஆனா ஏ9 வீதியிலை ஓடேக்கை எஞ்சின் அலறேல்லை.

கழட்டின பழைய டிஃபரன்ஷியல் கராஜிலை கிடக்கு. பிளனட் கியர் (உள்ளுக்கை இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள்) நல்லாயிருக்கு, தேவையானவை கேளுங்கோ.