புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வில் முனைவர் பட்டப் பயிற்சி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு (ஆய்வு மாணவி, தமிழ்நாடு)

கருப்பை வாய்ப் புற்றுநோயை அதன் முன்நிலையிலேயே கண்டறிவது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். இத்துறையில் பயின்றவர்களும் பயில்பவர்களும் தாம் நேரில் கண்டவற்றை எழுதினால் புதிதாகச் சேர்பவர்களுக்கு உதவும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சேர்ந்தவுடன் என் நெறியாளர் என்னை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பரிசோதனை ஆய்வின் முடிவுகளை, 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்தபடி, வரி வரியாகப் படிக்கச் சொன்னார். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் செய்த ஒரே ஒரு பரிசோதனையும் அதைத் தொடர்ந்த சிகிச்சையும், அப்புற்றுநோயால் நேரும் இறப்புகளை 35 சதவீதம் குறைத்தன என்பது அதன் முடிவு. நான் அந்த எண்ணிலேயே நின்றுவிட, அவரோ வேறொரு எண்ணைக் காட்டினார். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர்தான். “மீதிப் பேர் ஏன் வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு ஆய்வகம் போகலாம்” என்றார்.

அதற்கான விடையின் ஒரு பகுதியை ஒரு கிராம முகாமில் கேட்டேன். ஒப்புதல் படிவத்தை நான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, வயலிலிருந்து நேராக வந்திருந்த ஓர் அம்மா, “எனக்குத்தான் ஒரு நோவும் இல்லையே கண்ணு, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்டார். படிவத்தில் அதற்குப் பதில் இல்லை. செவிலியர் அக்கா அவரை உள்ளே அழைத்துச் சென்று, அமிலம் தடவியபின் காத்திருக்க வேண்டிய அந்த ஒரு நிமிடம் முழுவதும் அவருடைய மகளின் பிரசவத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே, கண்ணை மட்டும் விளக்கு வெளிச்சத்திலிருந்து எடுக்காமல் மாறுபட்ட செல்களைக் காட்டிக்கொடுக்கும் வெண்படலம் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாம் தேடிப் போகிறவர்கள் நோயாளிகள் அல்லர், நலமாக இருப்பவர்கள் என்பதை நான் முழுமையாக உணர்ந்தது அங்கேதான்.

மறுமொழி (லண்டனில் முனைவர் பட்டம் முடித்தவர்)

தங்கள் பதிவைப் படித்து மகிழ்ந்தேன். என் ஆய்வு இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளைப் பற்றியது. தொடக்க காலப் பயிற்சியில் பெரும்பகுதி குழாய்களோடுதான் கழிந்தது. சாதாரண குழாயில் எடுத்த இரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சென்ட்ரிபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால், வெள்ளணுக்கள் சிதைந்து அவற்றின் டிஎன்ஏ கலந்துவிடும். கட்டியிலிருந்து வந்த சொற்பத் துணுக்குகள் அதில் காணாமலே போய்விடும். ஆகவே மருத்துவமனை வார்டிலிருந்து ஆய்வகம் வரையிலான பாதையை நிமிடக் கணக்கில் நாங்கள் திட்டமிட வேண்டியிருந்தது.

ஆனால் என்னை மாற்றிய சந்திப்பு வேறு. இங்கே ஆய்வுத் திட்டங்களைப் பொதுமக்கள் குழுவின் முன் விளக்குவதும் பயிற்சியில் சேர்ந்தது. நான் யூகேசிடாக்ஸ் ஆய்வைப் பற்றிப் பேசினேன். 2001 முதல் 2005 வரை இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்து, சினைப்பைப் புற்றுநோய்க்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பலன் தருமா என்று பார்த்த பெரும் ஆய்வு அது. இரத்தப் பரிசோதனைப் பிரிவில் நோய் தொடக்க நிலையிலேயே கூடுதலாகக் கண்டறியப்பட்டது. ஆயினும் 2021-இல் வெளியான முடிவின்படி இறப்புகள் குறையவில்லை. தம் தங்கையை இதே நோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண்மணி, “முன்பே கண்டுபிடித்தும் பிழைக்கவில்லை என்றால், அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது என்ன?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நோயை அறிந்த நாள் முன்னே நகர்ந்து, இறக்கும் நாள் நகராமலே இருந்தாலும், உயிர்வாழும் காலம் நீண்டதுபோல் கணக்கில் தோன்றும் என்பதை விளக்கினேன். நான் எழுதிய ஆய்வேட்டின் முதல் இயல் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

மறுமொழி (ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்)

மாணவச் செல்வங்களுக்கு வணக்கம். முகாமில் வெண்படலம் தெரிந்த பெண்ணை மேல் பரிசோதனைக்கு அனுப்புவதோடு உங்கள் படிவம் முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர் மாமியாரிடம் சொல்ல வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும், இரண்டு பேருந்து மாற வேண்டும். நான் வீட்டுக்குப் போய் உடன் அழைத்துச் சென்றவர்களே பெரும்பாலும் சிகிச்சையை முடித்தார்கள். ஆய்வு செய்ய வந்த பிள்ளைகளில் ஒரு பெண் மட்டும் என்னோடு அப்படி வீடு வீடாக வந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுமொழி (உயிர்ப் புள்ளியியல் ஆய்வாளர்)

கணக்குப் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். 10,000 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரையும், நோயற்றவர்களில் 95 சதவீதத்தினரையும் சரியாகச் சொல்லும் ஒரு சோதனை 9 பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே நோயே இல்லாத ஏறத்தாழ 500 பேரையும் அச்சத்தில் ஆழ்த்தும். எங்கள் துறையில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரையும் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்கிறோம். போட்டு முடித்ததும் அவர்கள் சற்று நேரம் பேசுவதே இல்லை. தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவலான பிறகு, 2011-இல் தைராய்டு புற்றுநோயின் கண்டறிதல் 1993-ஐவிடப் பதினைந்து மடங்கானது. இறப்பு விகிதமோ அப்படியே இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் எத்தனையோ பேருக்கு அது தேவையே இல்லை என்பதுதான் இதன் பொருள், இது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

மறுமொழி (எம்.எஸ்ஸி. மாணவர்)

அனைவருக்கும் நன்றி. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க இருக்கிறேன். நெறியாளரிடம் முதலில் எதைக் கேட்பது?

மறுமொழி (லண்டன்)

தம்பி, ஆய்வுக்கான மாதிரிகள் எப்போது எடுக்கப்பட்டவை என்று கேளுங்கள். மருத்துவமனையில் ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களின் இரத்தத்தில் அழகாக வேலை செய்யும் சோதனை, அறிகுறியே இல்லாதவர்களிடம் பலமுறை தோற்றுப்போகிறது. நோய் தெரியவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சேமித்து வைத்த மாதிரிகள் அவர்களிடம் இருக்கின்றனவா, அவற்றை மாணவர்கள் பயன்படுத்த அனுமதி உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.