பயிற்சி மருத்துவர்களுக்குச் சித்த மருத்துவத்தை ஒரு வாரத்தில் எவ்வாறு அறிமுகப்படுத்துவது?

கேள்வி: மருந்தியல் ஆசிரியை, திருநெல்வேலி

அனைவருக்கும் வணக்கம். 2021-ஆம் ஆண்டின் கட்டாய உள்ளுறைப் பயிற்சி விதிமுறைகளின்படி, எம்.பி.பி.எஸ். தேர்ச்சி பெற்ற பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும் இந்திய மருத்துவ முறைகளுள் ஏதேனும் ஒன்றில் ஒரு வாரம் பயில வேண்டும். எங்கள் கல்லூரியில் அந்த வாரத்துக்கான பாடத்தை வகுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சென்ற முறை நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு நாள்கள் பொதிகை மலையின் பெருமையைப் பேசியே கழிந்தன. மூன்றாம் நாள் வந்த எங்கள் மூத்த ஆசிரியர் அனைத்தையும் கேலி செய்துவிட்டுப் போனார். மீதி நாள்களில் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு இந்த அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், இதயச் செயலிழப்புக்கு, இதயத்துக்கு வலுவூட்டும் டிகாக்ஸினும் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரூசமைடும் உட்கொண்டு வந்த மூதாட்டி ஒருவர் வாந்தியோடும் தாறுமாறான நாடித்துடிப்போடும் சேர்க்கப்பட்டார். டிகாக்ஸினை நஞ்சாக்கும் அளவுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைந்திருந்தது; ஃபுரூசமைடு மட்டும் அந்த அளவுக்குக் குறைத்திருக்குமா என்ற ஐயம் எங்களுக்கு இரண்டு நாள்கள் தீரவில்லை. வறட்டு இருமலுக்காக அவர் பல வாரங்களாக அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்துத் தின்று வந்தார் என்பதை மூன்றாம் நாள் அவர் மகள்தான், அதுவும் பேச்சோடு பேச்சாக, சொன்னார். அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது எங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. ஆனால் எங்களில் ஒருவர்கூட அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறு வேலை நாள்களில் எதைக் கற்பித்தால் ஒரு பயிற்சி மருத்துவர் நோயாளியின் வரலாற்றை எழுதும் முறை மாறும் என்பதே என் கேள்வி.

பதில் 1: சித்த மருத்துவ விரிவுரையாளர், பாளையங்கோட்டை

அம்மா, வரலாற்றிலிருந்து தொடங்காதீர்கள். மருந்தின் வடிவத்திலிருந்து தொடங்குங்கள். ‘சித்த மருந்து’ என்பதை உங்கள் மாணவர்கள் ஒரே பொருளாக எண்ணிக்கொள்கிறார்கள். எங்கள் நூல்கள் அக மருந்தை 32 ஆகவும் புற மருந்தை 32 ஆகவும் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுளும் குறிக்கின்றன. குடிநீருக்கு (கசாயம்) மூன்று மணி நேரம், சூரணத்துக்கு (இடித்த பொடி) மூன்று மாதம், பற்பத்துக்கு (புடமிட்டு நீற்றிய பொடி) நூறு ஆண்டு என்று கணக்கு. இருமலுக்குக் குடிக்கும் ஆடாதோடைக் குடிநீரையும், பெயரிலேயே இரசத்தையும் (பாதரசம்) கந்தகத்தையும் வைத்திருக்கும் இரசகந்தி மெழுகையும் ஒரே தட்டில் வைத்து ‘நல்லதா, கெட்டதா’ என்று கேட்பது, காய்ச்சலுக்கான பாராசிட்டமாலையும் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் அவ்வாறு வைத்துக் கேட்பதற்கு ஒப்பாகும்.

உலோக மருந்துகளைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாஸ்டன் நகரத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14 இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததை 2004 இல் ஓர் அமெரிக்க ஆய்விதழ் வெளியிட்டபோது, எங்கள் தரப்பில் பலர் கோபப்பட்டார்களே தவிர, பாடமாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. சரக்கின் நஞ்சைப் போக்க நாங்கள் செய்யும் சுத்தி முறையை மாணவர்கள் நேரில் பார்க்கட்டும். அதோடு, அந்த மருந்தை உண்பவரின் சிறுநீரகச் செயல்பாட்டை எப்போது சோதிக்க வேண்டும் என்பதையும் கற்கட்டும்.

அடுத்தது, மூலிகையை அடையாளம் காண்பது. நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளுள் பர்ப்பாடகமும் ஒன்று. செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதே பெயரில் வேறொரு செடியைக் கொடுப்பார்கள். பெயரை மட்டும் நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பெல்ஜியத்து நிகழ்வே போதும். உடல் இளைப்பதற்காகக் கொடுத்த சீன மூலிகைக் கலவையில், பெயர் ஒத்த காரணத்தால் அரிஸ்டலோக்கியா இனச் செடி இடம்மாறிச் சேர்ந்துவிட, பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்த செய்தி 1993 இல் வெளிவந்தது. நம் ஊர்க் கரிசல் காட்டில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

எங்கள் கல்லூரி 1964 இலும், ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி 1965 இலும் தொடங்கப்பட்டவை. ஒரே ஊரில் ஓராண்டு இடைவெளியில் பிறந்தும், இரு தரப்புப் பிள்ளைகளும் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் தேநீர்க் கடையில்தான். உங்கள் மாணவர்கள் இங்கே வரும் வாரத்தில் எங்கள் மாணவர்களையும் உங்கள் வார்டுக்கு அழையுங்கள்.

பதில் 2: பொது மருத்துவர், தென்காசி

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இ.சி.ஜி.யைச் சரியாகப் படிக்கத் தடுமாறும் பயிற்சி மருத்துவருக்கு இந்த ஒரு வாரத்தை அங்கே கொடுத்திருக்கலாம். ஆறு நாள் பார்த்தவர் ஏழாம் நாள் சூரணம் எழுதத் தொடங்கினால் என்ன செய்வது? ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்ததையே கவனக்குறைவு என்று 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அளவுகோல் நமக்கும் பொருந்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கற்பித்தே ஆக வேண்டுமென்றால், சான்றை எடைபோடக் கற்பியுங்கள். 2012 இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியதை நாமெல்லாம் பார்த்தோம். நிலவேம்பு குடித்துக் குணமானவர்களை எல்லோரும் காட்டுகிறார்கள். ஆனால் டெங்கு கண்டவர்களுள் பெரும்பாலோர் எதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள் என்பதால், ஒப்பிடுவதற்கு மற்றொரு குழு இல்லாமல் அந்தக் கணக்கு எதையும் நிறுவாது. இதற்கு மாறாக, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் சர்ப்பகந்தா வேரை இரத்தக் கொதிப்பு உள்ள 50 பேருக்குக் கொடுத்து, அளந்து, 1949 இல் பிரிட்டிஷ் இதய ஆய்விதழில் எழுதினார். அதன் பிறகுதான் உலகம் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பைன் பின்னர் மனச்சோர்வு பற்றிய அச்சத்தாலும் பின்தங்கியது. இவ்விரு கதைகளையும் மாணவர்களிடம் கொடுத்து வாதிடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.

பதில் 3: செவிலியர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பெரியவர்கள் பேசுமிடத்தில் நான் ஒன்று சொல்லலாமா? ‘வேற மருந்து ஏதும் சாப்பிடுதீயளா?’ என்று கேட்டால் எங்கள் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை கசாயம் மருந்தில் சேராது; மாத்திரையும் ஊசியும்தான் மருந்து. அதனால் நான் ‘காலைல வெறும் வயித்துல என்ன குடிப்பீய?’ என்று கேட்பேன். வெந்தயத் தண்ணீர், ஆவாரைக் குடிநீர், பாகற்காய்ச் சாறு என்று வரிசையாக வந்துவிடும். சர்க்கரைக்கு கிளிமிப்பிரைடு மாத்திரையும் போட்டு, ஆவாரைக் குடிநீரும் குடித்து, காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வயலில் மயங்கி விழுந்தவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். மாத்திரை, கசாயம், பட்டினி மூன்றுமே அன்று சேர்ந்திருந்தன. கேட்டிராவிட்டால் ‘மாத்திரை அதிகம்’ என்று மட்டும் எழுதியிருப்போம்.

இன்னொன்று, திட்டுவோம் என்ற பயத்திலும் மறைப்பார்கள். ஒரு தடவை திட்டிவிட்டால் அந்த வீட்டில் மற்றவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவர் அடுத்த அறையிலேயே இருக்கிறார். ஆனால் சீட்டு இரண்டு. இரண்டையும் ஒரே ஊக்கில் குத்திக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, இரு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. செவிலியர் சகோதரி சொன்னதையே முதல் நாள் பாடமாக வைத்துக்கொள்கிறேன். மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து நோயாளிகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, வந்த விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வர வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள செடிகளைத்தான் அடுத்த நாள்களில் ஆராய்வோம். தென்காசி ஐயாவின் எச்சரிக்கையையும் எழுத்தில் தருவேன்: அறிவதற்கும் கேட்பதற்கும் இந்த வாரம், மருந்து எழுத உரிமை இல்லை. ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தம் முதலிய முறைகள்) மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2018 முதல் நடைமுறையில் இருப்பதால், அந்தப் படிவத்தை நிரப்பவும் ஒருமுறை பழக்குவேன். விரிவுரையாளர் ஐயா, எங்கள் பிள்ளைகளை எந்த நேரத்தில் அனுப்பட்டும்? பிற்பகல் இரண்டு மணி எங்களுக்கு வசதி.

பதில் 4: சித்த மருத்துவ விரிவுரையாளர், பாளையங்கோட்டை

பிற்பகல் வேண்டாம் அம்மா. குடிநீரைக் காலையில் காய்ச்சுவோம்; நீங்கள் வரும்போது அதன் மூன்று மணி நேரம் முடிந்திருக்கும். ஏழரைக்கு அனுப்புங்கள். சரக்கை அவர்களே கையால் பிரித்துப் பார்க்கட்டும். பர்ப்பாடகத்தின் இரண்டு வகைகளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.