மடித்தலா, விரவுதலா? மட்சா மஃபின் செய்முறைக்கு ஒரு வினைச்சொல்

அன்புள்ள கலைச்சொல் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஓவனில் மட்சா மஃபின் (ஜப்பானியத் தேயிலைத் தூளான மட்சா சேர்த்துச் சிறு கிண்ணங்களில் சுடும் கேக்) சுடும் முறையைத் தமிழில் எழுதிவரும் நண்பர் நம்மிடம் மூன்று சொற்கள் கேட்டார். மட்சாவுக்கும் மஃபினுக்கும் ஆளுக்கொரு பெயர் சொல்லிவிட்டோம். மூன்றாவதைக் குழுவில் வெளிப்படையாக யாரும் தொடவே இல்லை. அவருடைய வரைவில், "உலர் பொருள்களின் நடுவே குழி செய்து, ஈரப் பொருள்களை ஊற்றி, மெதுவாக மடிக்கவும்" என்று இருக்கிறது. இந்த "மடிக்கவும்" அப்படியே அச்சுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே இந்த நீண்ட மடல். மஃபின் மெத்தென்று வருவதும் ரப்பர்போல் இழுபடுவதும் அந்த ஒரு வினையைப் பொறுத்தே அமைகிறது.

முதல் இரண்டு சொற்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

> பச்சைத் தேயிலைத் தூள் என்று எழுதினால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கடையில் கிடைக்கும் பச்சைத் தேயிலையை வாங்கி மிக்சியில் அரைத்தால் மட்சா ஆகாது. மட்சாவுக்கான தேயிலைச் செடிகளைப் பறிப்புக்கு முன் ஏறத்தாழ மூன்று வாரமோ அதற்கு மேலோ நிழலில் வைக்கிறார்கள். வெயில் குறைவதால் இலையில் பச்சையம் கூடுகிறது. சுவை தரும் தியானின் என்ற அமினோ அமிலமும் மிகுதியாகத் தங்குகிறது. பறித்த இலையை ஆவியில் காட்டி, உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிவிடுகிறார்கள். இப்படி எஞ்சும் இலைக்கு ஜப்பானியர் தென்ச்சா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் தூளாக அரைத்தால்தான் மட்சா. மரபாக அரைப்பது கருங்கல் திரிகையில். ஒரு திரிகையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 40 கிராம்தான் இறங்கும். கியோத்தோ அருகே உள்ள ஊஜியும் ஐச்சி மாநிலத்து நிஷியோவும் இதற்குப் பேர்பெற்ற ஊர்கள். "நிழல்தேயிலைத் தூள்" என்று ஒருவர் சொன்னது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கியொகுரோ என்ற இலைத்தேநீரும் நிழலில் வளர்வதே; நிழல் மட்சாவுக்கு மட்டும் உரிய அடையாளம் இல்லை. ஆகவே மட்சா என்றே இருக்கட்டும். ஒலிப்படி பார்த்தால் "மச்சா" இன்னும் நெருக்கம் என்று சொன்னவர் கூற்று சரி. ஆயினும் தமிழ் படிப்பவர் கண்ணுக்கு அது உறவுமுறையாகத் தெரியும். செய்முறை எழுதும்போது படிப்பவரின் கவனம் அங்கே இடறக்கூடாது.

மஃபினைக் குழியப்பம், கிண்ணப் பணியாரம் என்று அழைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. பணியாரத்தின் மாவு புளிக்கிறது. எண்ணெய் விட்ட குழியில் வேகிறது. இந்த மஃபினோ பேக்கிங் பவுடரால் எழும்பி, நாலாபுறமும் சூழ்ந்த உலர்வெப்பத்தில் வேகிறது. பெயரை மாற்றினால் பக்குவமும் மாறிவிட்டதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்வார். (ஓவனில் வேகவைப்பதற்கு வெதுப்புதல், அடுதல், சுடுதல் என்ற மும்முனைப் பேச்சில் நான் சுடுதல் பக்கம். அப்பம் சுட்ட கைக்கு மஃபின் சுடுவதும் பொருந்தும். ஓவனுக்கு யாழ்ப்பாணத்து அம்மா எழுதிய "போறணை" எனக்கு மிகவும் பிடித்த சொல். அங்கே அது உயிரோடு இருக்கிறது, அப்படியே இருக்க வேண்டும்.)

இனி, வந்த வேலைக்கு வருகிறேன்.

மஃபினுக்கு இரண்டு கிண்ணம் வேண்டும். ஒன்றில் மைதா, மட்சா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு. மற்றதில் முட்டை, பால், எண்ணெய். கடைசியில் இரண்டையும் சேர்க்கிறோம். இந்த முறைக்கு "இருகிண்ண முறை" என்று பெயர் வைக்கலாம் என்பது என் துணை முன்மொழிவு. சாதாரணக் கேக்கில் முதலில் வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்கிறோம். அந்தக் கொழுப்பு மாவுத் துகளின் மேல் பூச்சாகப் படிந்து, தண்ணீர் நேராகப் புகாமல் ஓரளவு தடுக்கிறது. இருகிண்ண முறையில் அந்தக் காப்பு இல்லை. பாலும் முட்டையும் மைதாவைத் தொட்ட கணமே அதிலுள்ள குளூட்டெனின், கிளியாடின் என்ற இரு புரதங்களும் நீரை உறிஞ்சிக் கைகோக்கத் தொடங்குகின்றன. கரண்டி சுற்றச் சுற்ற அந்தப் பிணைப்பு இழையாகி, இழை வலையாகிறது. இதைத்தான் பசையம் (குளூட்டன்) என்கிறோம். பரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும். அதற்காகத்தான் மாவை அடித்து, இழுத்து, ஊறவைக்கிறார்கள். மஃபினுக்கு அது பகை. வலை இறுகினால் உள்ளே எழும் காற்று சீராகப் பரவ முடியாமல் கிடைத்த வழியில் மேலே கிளம்புகிறது. மஃபினை அறுத்தால் அடியிலிருந்து உச்சிவரை நீளமான பொந்துகள் தெரியும், தலை கூராக நிற்கும், கடித்தால் இழுபடும்.

மற்ற மஃபின்களைவிட மட்சா மஃபினில் இந்தப் பிழை எளிதாக நேர்கிறது, காரணம் நிறம். மட்சா கலந்த உலர்மாவு வெளிர்பச்சையாக இருக்கும். நனைந்த இடம் கரும்பச்சையாகிவிடும். கிண்ணத்துக்குள் இரண்டு பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரியும்போது, எல்லாம் ஒரே பச்சையாகும்வரை கலக்கத்தான் யார் கையும் போகும். வெனிலா மஃபினில் கண்ணுக்குப் படாத திட்டு இங்கே பளிச்சென்று தெரிகிறது. நிறுத்த வேண்டிய இடத்தில் கையை நிறுத்தச் சொல்லும் வினைச்சொல் இங்கே கட்டாயம் வேண்டும். "மடிக்கவும்" அதைச் சொல்கிறதா?

சொல்லவில்லை. தமிழில் துணியை மடிக்கிறோம், காகிதத்தை மடிக்கிறோம், வெற்றிலையை மடிக்கிறோம். மடிப்பதற்கு விளிம்பு வேண்டும். மடித்தால் மடிப்பு நிற்க வேண்டும். கூழ்போன்ற மாவுக்கு விளிம்பும் இல்லை, மடிப்பும் நிற்காது. வேற்றுமொழிச் செய்முறையில் உள்ள வினையைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்தது இது. முதன்முறை மஃபின் சுடும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, கரண்டியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்.

ஜப்பானியர் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். மட்சா அவர்களுடையது; மஃபின் வெளியிலிருந்து வந்தது. பெயரை அவர்கள் "மஃபின்" என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வினையை மொழிபெயர்க்கவில்லை. அவர்களுடைய கேக், மஃபின் செய்முறைகளில் இந்த இடத்தில் வழக்கமாக வருவது "சக்குரி" என்ற குறிப்புச்சொல்லும் கலத்தல் என்ற வினையும்தான். அழுத்தாமல், இலேசாக, வேகமாக என்று அந்தக் குறிப்புச்சொல்லே சொல்லிவிடும். "வெட்டுவதுபோலக் கலக்கவும்" என்ற தொடரும் அங்கே பரவலாக உண்டு. மாவுக்கும் அவர்கள் வைத்த பெயர்கள் இதே வழியில்தான்: பசைய வலு குறைந்தது மென்வலு மாவு, கூடியது வல்வலு மாவு என்று பொருள்படும் பெயர்கள். மஃபினுக்கு எடுப்பது மென்வலு மாவு. அடுப்படியில் நிற்பவருக்கு எது பயன்படுமோ அதைத் தங்கள் மொழியிலேயே சொல்லியிருக்கிறார்கள். பொருளின் பெயர் கடனாக இருக்கலாம். கைக்குச் சொல்லும் சொல் கடனாக இருக்கக்கூடாது என்பதே என் நிலை.

எனக்குத் தனிமடலாக வந்த மாற்றுச்சொற்களை எடுத்துக்கொள்கிறேன்.

> கிளறு என்பதே போதும். உப்புமா முதல் கேசரி வரை எல்லாம் கிளறுகிறோம்.

அடியிலிருந்து மேலே புரட்டுவது என்ற வகையில் கிளறுதல் மிக நெருங்கி வருகிறது. ஆனால் தமிழ்ச் சமையற்குறிப்புகளில் அதன் இயல்பான தோழன் "கைவிடாமல்". கைவிடாமல் கிளறு, கிளறிக்கொண்டே இரு, அடிபிடிக்காமல் கிளறு. தீயின் மேல் இருக்கும் பாத்திரத்துக்கான சொல் அது. நீட்டித்துச் செய்வதற்கான சொல். மஃபினுக்கு நேர் எதிரானது வேண்டும்.

> அளாவு நல்ல பழஞ்சொல். "சிறுகை அளாவிய கூழ்" என்று குறளே சொல்கிறது.

கோவை ஐயா சொன்ன இந்தச் சான்று இனிமையானது. ஆனால் அந்தக் குறளில் குழந்தையின் கை கூழுக்குள் புகுந்து துழாவுகிறது. அதற்கு அளவும் இல்லை, நிறுத்தமும் இல்லை. இன்றைய வழக்கிலோ "வானளாவிய" என்பதில் எட்டுதலும், "அளவளாவு" என்பதில் பேச்சும் முந்திக்கொண்டு வருகின்றன. கலைச்சொல்லுக்கு இத்தனை பொருள் சுமை ஆகாது.

துழாவு, சுழற்றும் சொல். கடை என்பது மத்துக்கு உரியது. அடி, முட்டைக்கு உரியது. குழை என்பதில் உருவம் அழிந்து ஒன்றாகிவிட வேண்டும்.

நான் முன்வைப்பது விரவு.

எங்கள் குமரி மாவட்டத்து வீடுகளில் இது இன்றும் புழங்கும் சொல். சோற்றில் குழம்பை விட்டு விரவுவோம். புட்டுக்கு மாவில் தண்ணீர் தெளித்து விரவுவோம். புட்டு மாவைச் சற்று எண்ணிப்பாருங்கள்: விரல் நுனிதான் வேலை செய்கிறது, உள்ளங்கை அழுத்துவதில்லை, ஈரம் எல்லா இடத்திலும் சென்று சேர்ந்ததும் கை நின்றுவிடுகிறது. மஃபின் மாவுக்கு வேண்டியதும் அதே கட்டுப்பாடுதான். இலக்கணத்திலும் இந்தச் சொல்லுக்கு இடம் உண்டு. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப்பெயர் என்றார்கள். அங்கே இரண்டு திணையும் ஒன்றாகக் கரைந்துவிடவில்லை, இடம் பகிர்ந்துகொள்கின்றன. உலர்மாவின் திட்டு இங்கொன்றும் அங்கொன்றுமாக எஞ்சியிருக்கலாம், கட்டிகளும் கிடக்கலாம், அவை ஓவனில் தாமே நனைந்து வெந்துவிடும் என்ற மஃபின் பக்குவத்துக்கு இதைவிடப் பொருந்தும் வேர் எனக்குத் தெரியவில்லை.

இதன் இன்னொரு நன்மை, எதிர்ச்சொல் கையிலேயே இருப்பது. அளவுக்கு மிஞ்சிக் கலப்பதைக் குறிக்க "மிகைக்கலப்பு" என்று வரைவில் இருக்கிறது. அது தேவையே இல்லை. விரவல் எல்லை தாண்டினால் அது பிசைதல் ஆகிவிடுகிறது. பிசைந்தால் பசையம் எழும் என்பது சப்பாத்தி போடும் எல்லாருக்கும் தெரியும். "விரவுக, பிசையற்க" என்று எழுதினால் முடிந்தது.

சொல் அடுப்படியில் நிற்கிறதா என்று பார்க்க, வரைவின் அந்தப் பகுதியை மாற்றி எழுதிப் பார்த்தேன்:

"மைதா 200 கிராம், மட்சா 10 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்துச் சலிக்கவும். மட்சா மிக நுண்ணிய தூள். எளிதில் கட்டிப்பிடிக்கும் என்பதால் சலிக்காமல் விடக்கூடாது. சர்க்கரை 120 கிராம் சேர்க்கவும். வேறொரு கிண்ணத்தில் முட்டை இரண்டையும் நன்றாக அடித்து, பால் 150 மில்லி, மணமில்லாத எண்ணெய் 80 மில்லி விட்டுக் கலக்கவும். ஓவனை 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, காகிதக் கிண்ணங்களை அச்சில் வைத்து ஆயத்தமாக்கிக்கொள்ளவும். பிறகு ஈரக் கலவையை உலர்மாவில் ஊற்றி, தட்டையான கரண்டியை அடிவரை இறக்கி மாவை மேலே புரட்டிப் புரட்டி விரவவும். தனி மாவு கண்ணுக்கு மறையும் தறுவாயில் நிறுத்தவும். சில வெளிர்பச்சைத் திட்டுகள் இருக்கலாம். உடனே கிண்ணங்களில் முக்கால் அளவு நிரப்பி, 18 முதல் 20 நிமிடம் சுடவும்."

"உடனே" என்பதை நான்தான் சேர்த்தேன். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே ஒரு பகுதிக் காற்றை விட்டுவிடும். மாவு காத்துக்கிடந்தால் அந்தக் காற்று வீணாகும்.

கலைச்சொல்லோடு சேராத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலுக்குப் பதில் மோர் விடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மஃபின் மென்மையாகத்தான் வரும், ஆனால் பச்சை போய்விடும். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து அமர்கிறது. நிறம் மங்கிப் பழுப்புப் பச்சையாகிறது. புளி விட்டதும் கீரையின் பச்சை மங்குவதும் இதனால்தான். மோரின் புளிப்பை ஆப்பசோடா போட்டுச் சரிக்கட்டலாம் என்றால், சற்றே கூடினாலும் சவர்க்கார வாடை வந்து மட்சாவின் மணத்தை அடித்துவிடும். பாலே நல்லது. மேற்பரப்பு சிவக்கத் தொடங்கினால் கடைசிச் சில நிமிடங்களுக்கு அலுமினியத் தாள் போர்த்தலாம். மீந்த மட்சாவை வெளிச்சமும் காற்றும் படாமல் மூடி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்; திறந்து வைத்தால் சுடுவதற்கு முன்பே நிறம் இறங்கியிருக்கும்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒரு நியாயமான ஐயம் எழுப்பியிருக்கிறார்:

> அடித்து நுரைத்த வெள்ளைக்கருவைக் கேக் மாவில் சேர்ப்பதற்கும் இதே சொல்லா? அங்கே பயம் பசையம் அல்ல, காற்றுப் போய்விடுமே என்பதுதானே?

உண்மைதான் அம்மா, காரணம் வேறு. ஆனால் கையின் அசைவு ஒன்றே: அடிவரை இறக்கி, மேலே புரட்டி, குறைந்த சுற்றில் முடிப்பது. வினைச்சொல் கையசைவைத்தான் குறிக்க வேண்டும். காரணத்தை அடுத்த வாக்கியம் சொல்லிக்கொள்ளும். "நுரையை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்காக விரவவும்" என்று எழுதினால் தெளிவாகவே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் பிட்டு மாவுக்குக் "குழைத்தல்" என்று சொல்வீர்கள் என்பதால், விரவு என்ற சொல் அங்கே அயலாகத் தோன்றுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஈழத்து வழக்கில் இந்த இலேசான கலப்புக்கு இன்னும் பொருத்தமான வினை இருந்தால் அதையே முதன்மையாக வைத்து, விரவு என்பதை இணைச்சொல்லாகத் தரலாம்.

செய்முறை நண்பருக்கு: வரைவில் "மடி" வரும் இடங்களையெல்லாம் மாற்றிவிடுங்கள். "காகிதத்தை மடித்து அச்சில் வைக்கவும்" என்ற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே அது சரியான சொல்.

அன்புடன்,
குமரி மாவட்டத்திலிருந்து